கண்ணாடிக் கல் கீரை

செருப்பைக் கழற்றாதீர்கள் மேடம், போட்டுக்கொண்டே வாருங்கள். தரையில் கண்ணாடித் தூள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, காலையும் குத்தாது. கோலமாவு சிந்தின மாதிரி கிடக்கும், அவ்வளவுதான். எங்களுக்குப் பழகிவிட்டது. உங்களுக்கு எதற்கு?

“லக்ஷிதா, யார் வந்திருக்காங்க பாரு. எழுந்து வணக்கம் சொல்லு.”

தூங்குகிறாள். தூங்கட்டும். அந்தக் கட்டிலை நான்தான் இங்கே கொண்டுவந்து போட்டேன். வீட்டில் தனியாக விட முடியவில்லை, வேலையையும் விட முடியவில்லை. ஐந்து வயது முடிந்துவிட்டது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, நான்தான் அனுப்பவில்லை. வயிற்று வலி. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிற்று வலி வரும். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வருகிறது.

இப்படி நிழலில் நில்லுங்கள். கீரையைக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹேமா உங்களுக்கு போன் செய்திருக்கிறாள், இல்லையா? பதில் சொல்ல வேண்டாம். இங்கே வருகிறவர்கள் காரை விட்டு இறங்கினதும் கீரையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குழந்தையைப் பார்த்தீர்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் பேசினது பேசினதாக இருக்கட்டும். என் பக்கத்தையும் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் காப்பகத்துக்குக் கீரை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். பத்துக் காப்பகம், நானூறு குழந்தைகள் என்று போனில் சொன்னீர்கள். அதைக் கேட்டு அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை மேடம், அவ்வளவு சந்தோஷம். நானூறு குழந்தைகள் என் கையால் வளர்ந்த கீரையைச் சாப்பிடப் போகிறார்கள்.

ஹேமா யார் என்று சொல்லவில்லையே. என் ஓரகத்தி. என் கொழுந்தனார் முனிராஜ் இருக்கிறாரே, சூளை வேலை பார்ப்பவர், அவருடைய சம்சாரம். ஹேமாவதி. காலேஜ் படித்த பெண். வேதியியல்.

இந்தப் பசுமைக்குடில் முன்னே ரோஜாக் குடில். ஓசூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் ரோஜா என்பார்கள். பூ அழகுதான். ஆனால் அதற்கு அடிக்கிற மருந்து இருக்கிறதே, வாரத்துக்கு இரண்டு தடவை, மூடின குடிலுக்குள்ளே. நான் கல்யாணமாகி வந்த புதிதில் உள்ளேதான் பூப் பறிப்பேன். இரண்டு தங்கவில்லை மேடம். ஒன்று மூன்று மாதம், ஒன்று ஐந்து மாதம். மூன்றாவது தடவை தலை சுற்றினதும் சொல்லிவிட்டேன், இனி நான் குடிலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று. வீட்டில் பெரிய சண்டை. என் மாமியார் இருந்தார்கள் அப்போது. “ஊர்ல எந்தப் பொம்பளைக்கும் ஆகாதது உனக்கு மட்டும் ஆகுதா?” என்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று நான் வாசலைத் தாண்டவில்லை. இவள் பிறந்தாள். அன்றைக்கு எடுத்த முடிவுதான், இந்தக் குடிலுக்குள் இனி விஷம் வரக் கூடாது. என் வீட்டுக்காரர் ரோஜாச் செடியைப் பிடுங்கி எரித்தார். மருந்து டப்பா எல்லாவற்றையும் நானே குழி தோண்டிப் புதைத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன். விஷம் என்ற வார்த்தையை என்னிடம் வந்து சொல்ல ஒருத்திக்கு என்ன தைரியம் வேண்டும்?

இதோ, இதுதான் கல். எடுத்துப் பாருங்கள், கையில் கனமே தெரியாது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். இதில்தான் வேர் பிடிக்கும். மண் கிடையாது, மருந்து கிடையாது, பூச்சி கிடையாது. தண்ணீரில் சத்து கலந்து விடுகிறோம், அது கல் இடுக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் தேங்காய் நாரில்தான் போட்டோம். இரண்டு அறுப்பில் நார் அழுகிவிட்டது. களிமண் உருண்டை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அப்போது முனிராஜ்தான் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்தார். பழைய கண்ணாடியை உடைத்து மாவாக அரைத்து, கரித்தூள் கலந்து, தட்டில் பரப்பிச் சூளையில் வைத்தால் பணியாரம் மாதிரி உப்பும் அண்ணி என்றார். நாங்கள் சிரித்தோம். செய்து காட்டினார். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் தானாகவே வெடித்துக் கல் கல்லாகப் பிரியும். விரலில் நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம். லக்ஷிதா அந்தச் சத்தத்துக்காகவே சூளைப் பக்கம் உட்கார்ந்திருப்பாள்.

உடைத்துப் பார்க்கிறீர்களா? உடையுங்கள். ஒரு வாடை வருகிறதா? அழுகின முட்டை வாடை. ஒரு நிமிஷம்தான், போய்விடும்.

முதலில் பாட்டில் கண்ணாடிதான். சோடா பாட்டில், மருந்து பாட்டில், மற்ற பாட்டில். கல் நன்றாக வந்தது, கீரைதான் வெளுத்துப் போனது. மண்ணில்லா விவசாயப் பயிற்சிக்குப் போன இடத்தில் கேட்டோம். புதுக் கல் தண்ணீரைக் காரமாக்கிவிடும், செடிக்குக் கொஞ்சம் புளிப்புத் தண்ணீர்தான் பிடிக்கும், அமிலத்தில் கல்லை ஊற வையுங்கள் என்றார்கள். அமிலமா? வாயில் வைக்கிற பொருளுக்கா? எனக்கு மனது வரவில்லை. குத்துவிளக்கை எதால் தேய்க்கிறோம்? புளியால். வீட்டில் பானை நிறையப் பழைய புளி இருந்தது. கரைத்து, அதில் மூன்று நாள் கல்லை ஊறப் போட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தால், தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார்களோ அப்படியே வந்து நிற்கிறது. பயிற்சிக்காரரே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அது என் யோசனை மேடம். இந்தக் குடிலில் எல்லாம் அவர்கள் யோசனை, அது மட்டும் என்னுடையது. ஊற வைத்த தண்ணீரைக்கூட நான் கொட்டுவதில்லை. கல்லில் இருந்து இறங்கின சத்தாயிற்றே. தொட்டியிலேயே ஊற்றிவிடுவேன்.

கீரை எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்! பாலக்கு ஒவ்வொரு இலையும் என் முழங்கை நீளம்.

போன ஆடியில் பாட்டில் வரத்து நின்றுவிட்டது. யாரோ பெரிய ஆலைக்காரர்கள் மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது, பெங்களூரில் ஒரு பழைய சாமான் கடைக்காரர், முனிராஜுக்குப் பழக்கம், டிவி கண்ணாடி இருக்கிறது வேண்டுமா என்றார். இந்தச் சுவரில் மாட்டுகிற டிவி இல்லை மேடம். பின்னால் கூனல் விழுந்த பழைய டிவி. பழைய கம்ப்யூட்டர் பெட்டி. அந்தக் குழாய்க் கண்ணாடியை யாருமே எடுப்பதில்லையாம். லாரியில் கொண்டுவந்து அவரே இறக்கிவிட்டுப் போனார், அதுவும் சும்மா. எங்களுக்கு ஆச்சரியம். என்ன கனம் அந்தக் கண்ணாடி! பாட்டில் கண்ணாடியைவிடச் சீக்கிரம் உருகியது. விறகு பாதிதான் செலவானது. கல் மட்டும் சாம்பல் நிறத்தில் வந்தது. தட்டின் அடியில் கடுகு கடுகாக வெள்ளி மாதிரி மணி கிடக்கும். அவ்வளவு அழகு. லக்ஷிதா அதையெல்லாம் பொறுக்கி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள். சொப்பு வைத்து விளையாடும்போது அதுதான் சோறு. பொம்மைக்கு ஊட்டுவாள், தானும் சாப்பிடுகிற மாதிரி வாயில் வைத்து எடுப்பாள்.

ஹேமா கல்யாணமாகி வந்தது அந்த ஆடிக்கு முந்தின வைகாசியில். வாய் அதிகம் பேசாத பெண். யாராவது ஏதாவது கேட்டால்தான் பதில் வரும். ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பாள் மேடம். நான் புளி கரைப்பதைப் பார்ப்பாள், கல் அலசுவதைப் பார்ப்பாள். எனக்குப் பின்னால் யாரோ நின்றுகொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“அக்கா, டிவி கண்ணாடியில காரீயம் கலந்திருப்பாங்க.”

“எதுக்கு?”

“உள்ளயிருந்து ஒரு கதிர் வரும். அது வெளிய வந்து நம்ம மேல படாம இருக்க.”

“அப்ப நல்லதுதானே? கெட்டதைத் தடுக்கத்தானே போட்டிருக்காங்க?”

“கண்ணாடியா இருக்கிற வரைக்கும் பரவாயில்லக்கா. நாம அதை மாவா அரைக்கிறோம். கரி போட்டு வேக வைக்கிறோம். அப்புறம் புளித்தண்ணியில போடறோம். புளிப்பு அதைக் கல்லுக்குள்ளயிருந்து இழுத்துடும்க்கா. தண்ணியில இருக்கிறதைக் கீரை இழுத்துக்கும்.”

என் வீட்டுக்காரர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார். “ஏம்மா, உங்க காலேஜ்ல புளியைப் பத்திக்கூட பாடம் இருக்கா? பெருங்காயத்துக்கு எந்த வருஷம்?” என்றார். எல்லோரும் சிரித்தோம். முனிராஜும் சிரித்தார். நான், எங்கள் அம்மா ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பார்கள், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்றேன். “அது வெள்ளீயம்க்கா, தகரம் மாதிரி. இது வேற” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஒரு தமாஷைக்கூடத் தாங்க முடியாதவள்.

சரி, அதை விடுங்கள். புரட்டாசியில் எங்கள் செவலை மாட்டுக்குக் கண் போனது. கறவை மாடு, நல்ல மாடு. வேரும் வெளி இலையுமாகக் கழித்துப் போடுகிறதையெல்லாம் அதற்குத்தான் போடுவோம். ஒரு நாள் பார்த்தால் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது. இழுத்தாலும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தது, நறநறவென்று. நான்காம் நாள் செத்துப்போனது. மாட்டு டாக்டர், “பழைய பேட்டரி ஏதாவது நக்குச்சாம்மா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் பேட்டரி ஏது? நான் அன்றைக்கே குடில் வாசலில் பூசணிக்காய் கட்டினேன். கீரையைப் பார்த்து வயிறு எரியாதவர்கள் இந்த ஊரில் யார்?

ஹேமா மாடு செத்த இடத்திலேயே நின்றாள், வெகு நேரம். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம்.

அதற்கப்புறம்தான் அவள் அதைச் செய்தாள். மேடம், நீங்கள் பெங்களூரில் இருப்பவர், உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரே அடுப்பு. என் வீட்டுக்காரரும் முனிராஜும் பிறந்ததிலிருந்து ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். கார்த்திகை முதல் தேதி காலையில் எழுந்து பார்க்கிறேன், பின்கட்டில் ஒரு ஸ்டவ் வைத்துத் தனியாகச் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறாள். தனிக் குடம், தனித் தண்ணீர். கடையில் வாங்கின காய்.

“என்னடி இது?”

“எனக்கு மட்டும்க்கா. பிள்ளை பிறக்கிற வரைக்கும்.”

“நாங்க வைக்கிற சோத்துல என்ன இருக்கு?”

“சோத்துல ஒண்ணுமில்லக்கா. கீரையில.”

தனி அடுப்பு வைக்கிறது என்றால் என்ன அர்த்தம்? பாகம் பிரிக்கிறது என்று அர்த்தம். அதை நேராகச் சொல்லத் தெரியாமல் கீரை, காரீயம் என்று சுற்றி வளைக்கிறாள். நான் முனிராஜிடம் கேட்டேன், “உங்க சம்சாரத்துக்குத் தனிக்குடித்தனம் வேணும்னா வாய் திறந்து கேட்கச் சொல்லுங்க.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அவ பயப்படறா அண்ணி” என்றார். பயமாம். நானும்தான் வயிற்றில் இவளை வைத்துக்கொண்டு ரோஜாக் குடிலுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன். ஆனால் அது வேறு மேடம். அது விஷம். எனக்கு அது தெரிந்தே இருந்தது, உடம்பே சொன்னது. இவளுக்கு என்ன தெரியும், புத்தகத்தில் படித்ததைத் தவிர?

லக்ஷிதாவுக்கா? அவளுக்குக் கார்த்திகைக் கடைசியில்தான் ஆரம்பித்தது. முதலில் வயிற்று வலி. அப்புறம் வெளிக்குப் போவது கஷ்டமானது. சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். போன வருஷம் நூறு வரைக்கும் ஒப்பித்த பிள்ளை, இருபதுக்கு அப்புறம் நின்று நின்று முழிக்கிறாள் என்றார்கள். குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, டானிக் எழுதித் தருகிறேன், கீரை, பேரீச்சை எல்லாம் கொடுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டாக்டர், கீரைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா?” என்றேன். அதுவரைக்கும் ஒரு வேளைதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இரண்டு வேளை. காலையில் அரைத்து ஜூஸ், ராத்திரிக்குப் பருப்புப் போட்டுக் கடைந்து. வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பேன். விட்டால் ரத்தம் எப்படி ஊறும்?

ஊறவில்லை. இரண்டாம் தடவை பார்த்தபோது இன்னும் குறைந்திருந்தது. அந்த டாக்டரும் அதே கேள்வி, “வீட்டுப் பக்கத்துல பேட்டரி கடை, பெயிண்ட் வேலை ஏதாவது இருக்கா?” எல்லோருக்கும் பேட்டரி மேல் என்ன அவ்வளவு அக்கறை என்று தெரியவில்லை. நாங்கள் இயற்கையாக விவசாயம் செய்கிறவர்கள் டாக்டர் என்றேன். இருக்கட்டும், எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை, பெங்களூருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இருக்கிறது சீட்டு. பொங்கல் அறுப்பு, அதற்கப்புறம் நீங்கள் வருகிறேன் என்றீர்கள். உங்கள் ஆர்டர் படிந்ததும் போகலாம் என்று வைத்திருக்கிறேன்.

இல்லை மேடம், நாளைக்கு முடியாது. நாளைக்கு அறுப்பு.

நடந்ததை முடித்துவிடுகிறேன். மார்கழியில் ஒரு நாள் நான் கீரை கட்டிக்கொண்டிருக்கிறேன், லக்ஷிதா அழுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஹேமா அவள் கையைக் குழாயடியில் பிடித்து வைத்துக்கொண்டு சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். கை சிவந்துவிட்டது. “இதைத் தொடவே கூடாதுடா தங்கம், வாயில வச்சியா? சித்தி கிட்ட சொல்லு, வாயில வச்சியா?” என்று கேட்டுக்கொண்டே தேய்க்கிறாள். பவுடர் டப்பாவைப் பிடுங்கி வைத்திருந்தாள். அந்த வெள்ளி மணி எல்லாம் அவளுடைய முந்தானையில். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை.

“என் பிள்ளை கையில இருக்கிறதைப் பிடுங்க நீ யாருடி?”

“அக்கா, இது காரீயம்க்கா. சுத்தமான காரீயம். கண்ணு முன்னாடியே இருக்கு, பாருங்க.” கையை நீட்டினாள்.

“நாலு வாரமா விளையாடாம கிடந்த பிள்ளை இப்பத்தான் ஒரு சொப்பு வச்சு விளையாடுது. உனக்கு அதுவும் பொறுக்கலையா?”

“அக்கா, உங்க கால்ல விழறேன். லக்ஷிதாவை மட்டும் என்கூட அனுப்புங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன். பெங்களூர்ல ஒரு ரத்தப் பரிசோதனை. ஒரே ஒரு ஊசிக் குத்து. ரெண்டு நாள்ல கொண்டுவந்து விட்டுடறேன்.”

“உன் பிள்ளை பிறக்கும் இல்ல, அதைக் குத்து.”

சொன்னேன். ஆமாம், சொன்னேன். கர்ப்பிணியிடம் சொல்லக் கூடாதுதான். அவள் அழவில்லை. குனிந்து லக்ஷிதா கையை மறுபடியும் அலசித் துடைத்துவிட்டு உள்ளே போனாள். ஏழாம் மாதம் வளையல் போட நாள் குறித்து வைத்திருந்தோம், கண்ணாடி வளையல் வாங்கிக்கூட வைத்துவிட்டேன். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மா வீட்டுக்குத் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறிப் போய்விட்டாள். போகிறபோது ஒரு கட்டுக் கீரையும் ஒரு பை கல்லும் எடுத்துக்கொண்டு போனாளாம். முனிராஜ் கூடப் போகவில்லை. சூளையை விட்டு எப்படிப் போவார்? ஆனால் இப்போதெல்லாம் அவர் கடையில்தான் சாப்பிடுகிறார். பொண்டாட்டி இல்லாத துக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பொங்கலுக்கு மறுநாள் என் வீட்டுக்காரர் போனுக்கு ஒரு தாள் அனுப்பினாள். கீரையைச் சோதித்த தாளாம். முழுக்க எண். ஒரு எண்ணைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் போட்டிருந்தாள். நாங்கள் பார்த்தோம், எங்களுக்கு என்ன புரியும்? என் வீட்டுக்காரர் அழித்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தானே? இங்கே இருந்து கொண்டுபோன கீரை என்பதற்கு என்ன சாட்சி? அதற்கப்புறம் அவள் போன் செய்தால் நாங்கள் எடுப்பதில்லை.

ஓகோ. உங்களுக்கும் அந்தத் தாளை அனுப்பியிருக்கிறாளா?

காட்டுங்கள். ஆமாம், இதேதான். இதே சிவப்பு வட்டம். எத்தனை மடங்கு என்கிறீர்கள்? சரி மேடம். நீங்கள் படித்தவர், அவளும் படித்தவள், ஒரு தாளை வைத்துக்கொண்டு நீங்கள் பேசிக்கொள்ளலாம். எனக்குத் தாள் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் கை. இந்தக் கையால் விஷத்தைப் புதைத்தேன். இந்தக் கையால் புளி கரைத்தேன். கெட்டதாக இருந்தால் என் பிள்ளைக்கு நானே கொடுப்பேனா? சொல்லுங்கள். எனக்கு இருக்கிறதே இவள் ஒருத்திதான். ஊருக்கு விற்றுவிட்டுத் தன் பிள்ளைக்கு வேறு வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் ரோஜாக் காலத்தில் பார்த்திருக்கிறேன். நான் அப்படியில்லை. முதல் கட்டு என் பிள்ளைக்குத்தான். மிச்சம்தான் ஊருக்கு.

இருங்கள் மேடம், போகாதீர்கள். தாளை உள்ளே வையுங்கள். கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.

“லக்ஷிதா. ஏய் கண்ணு. எழுந்திரு. எழுந்து உட்காரு.”

கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்திருப்பாள். தூக்கக் கலக்கம்.

“இங்க பாரு, அம்மாவைப் பாரு. மேடம் பெங்களூர்ல இருந்து வந்திருக்காங்க. நம்ம கீரையை நீ எப்படிச் சாப்பிடுவேன்னு பார்க்கணுமாம். இந்தா. பச்சையாவே சாப்பிடுவியே. ஆ சொல்லு.”

வேண்டாமாம். புது ஆள் முன்னால் வெட்கம்.

“அம்மாவுக்காக ஒரே ஒரு இலை. இந்தா, நுனி மட்டும். வாயைத் திற. பெரிசா.”

என்ன பார்க்கிறீர்கள்? ஈறா? அந்தக் கருநீலக் கோடு கொஞ்ச நாளாகவே இருக்கிறது. நாவல் பழம் தின்ற மாதிரி. நாவல் பழ சீசன்கூட இல்லை. பல் தேய்க்கச் சோம்பல் மேடம், வேறென்ன? நானே தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

“மெல்லு. நல்லா மெல்லு.”

ஏன் மேடம் டிரைவரைக் கூப்பிடுகிறீர்கள்? காரை எதற்கு இங்கே கொண்டுவரச் சொல்கிறீர்கள்? ஆஸ்பத்திரிக்கா, இப்போதேவா? அவள் அப்பாவிடம் கேட்க வேண்டாமா? நான்தான் சொன்னேனே, நாளைக்கு அறுப்பு என்று. குழந்தை கையை விடுங்கள். வாய்க்குக் கீழே எதற்குக் கையை ஏந்துகிறீர்கள்? துப்பச் சொல்லாதீர்கள் மேடம். அதில்தான் அவளுக்கு ரத்தம் ஊற வேண்டும்.

“அவங்களைப் பார்க்காதே. அம்மாவைப் பாரு. யார் பேச்சைக் கேட்கணும் நீ? துப்பாதே. முழுங்கு கண்ணு. அம்மா சொல்றேன் இல்ல, முழுங்கு.”

முழுங்கிவிட்டாள். பார்த்தீர்களா மேடம்? என் பிள்ளை என் பேச்சைத் தட்டவே மாட்டாள்.